ராஜ்தூத் 350க்கு சாமான் எங்க கிடைக்குதுங்க? (1987 எல்டி, இடது பக்கம் சீஸ்)

ஈரோடு_எல்டி

எல்லாருக்கும் வணக்கங்க. எங்கிட்ட 1987 ராஜ்தூத் 350 இருக்குது, எல்டி (லோ டார்க், பவர் குறைச்ச) மாடல், யமஹா ஆர்டி 350ய எஸ்கார்ட்ஸ் கம்பெனி இங்க செஞ்சு வித்தது, எங்க மாமா ஓட்டுன வண்டி, ஆர்சி இப்ப என் பேர்ல. போன மாசம் பவானி ரோட்ல நல்லா இழுத்துட்டு போகையில இடது பக்கம் சீஸ் ஆயிடுச்சுங்க (பிஸ்டன் சிலிண்டர்ல பிடிச்சு நின்னுடுச்சு), ஆறுன பிறகு கிக்கர் இறங்குது, ஆனா சத்தம் முன்ன மாதிரி இல்ல. இங்க ஒரு மெக்கானிக் பாத்துட்டு கிராங்க் போயிருச்சு, பிளாக் (சிலிண்டர்) போயிருச்சு, ரெண்டையும் மாத்துனாத்தான் ஆகும்ங்கறாரு. சாமான் தேடிப் பாத்தா வெளியூர்ல ஒருத்தர் போட்டோ அனுப்பி "ஒரிஜினல் கிராங்க், பழைய ஸ்டாக்"னு ஒரு ரேட் சொன்னாருங்க, அந்தக் காசுக்கு ஓடுற செகண்ட்ஸ் வண்டி ஒன்னு வாங்கிடலாம். பாதி காசு முதல்ல போட்டாத்தான் அனுப்புவாராம்.

இது போக ஆயில் சீல், கார்பரேட்டர் ரப்பர், ஸ்பீடோமீட்டர், இடது சைடு கவர் எல்லாமே வேணும். யமஹா ஷோரூம்ல கேட்டா அந்த மாடலே சிஸ்டத்துல இல்லைன்னுட்டாங்க. எங்க போய் தேடுறதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க, வண்டிய விக்கற எண்ணம் இல்ல.

லேத்துக்காரர்

தம்பி, முதல்ல அந்தக் காச அனுப்பாதீங்க. கிராங்க் போட்டோவப் பாத்து வாங்குற சாமானே கிடையாது. கான்ராட் எவ்வளவு ஆடுது, பேரிங்ல துரு இருக்கா, ஷாஃப்ட் முனையில சீல் உக்கார்ற எடத்துல பள்ளம் விழுந்திருக்கா, இதெல்லாம் கையில எடுத்துப் பாத்தாத்தான் தெரியும்.

எனக்கு நாலு விஷயம் சொல்லுங்க. இடது பிளக் என்ன கலர்ல இருக்கு? சீஸ் ஆகுறதுக்கு முன்னாடி ஆக்சிலேட்டர விட்டா ஆர்பிஎம் உடனே இறங்குச்சா, இல்ல மேலயே நின்னுச்சா? வலது சைலன்சர்ல புகை ஜாஸ்தியா? ஆயில் பம்ப் இருக்கா, இல்ல எடுத்துட்டு பெட்ரோல்லயே 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் ஆயில்) கலந்து ஊத்துறீங்களா?

பேட்டர்ஸ்ரோடு

சென்னைல இருந்து சொல்றேன் ப்ரோ. ஜிபி ரோட்ல (ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு) புது சாமான்னு இப்ப இந்த வண்டிக்கு ஒன்னும் பெருசா இல்ல. ஆனா பழைய கடைங்க சிலதுல மேல் ரேக்ல எஸ்கார்ட்ஸ் பாக்கெட்டோட கேபிள், பேக்கிங் செட், பாயிண்ட் (ஸ்பார்க் நேரத்த வைக்கிற காண்டாக்ட்) செட்னு ஏதாவது மாட்டிக்கும், போன்ல கேட்டா "இல்ல"ன்னு ஒரே வார்த்தைல வெச்சிடுவாங்க. அவங்களுக்கு ஏறித் தேட நேரம் இல்ல அவ்ளோதான். நேர்ல போங்க, மத்தியானம் கூட்டம் இல்லாத நேரமா போங்க, கழட்டுன சாம்பிள கைலயே எடுத்துட்டு போங்க. "ஆர்டிக்கு சீல் இருக்கா"ன்னு கேட்டா இல்லன்னுதான் பதில் வரும், சீல டேபிள்ல வெச்சு "இந்த சைஸ் இருக்கா"ன்னு கேட்டீங்கன்னா அதே ஆள் வேற டப்பாவ திறப்பாரு.

புதுப்பேட்டைல கழட்டுன ஐட்டம் வரும், ஆனா எப்ப எது வரும்னு யாராலயும் சொல்ல முடியாது. அங்க ஒன்னு மட்டும் கண்டிப்பா பாருங்க, இன்ஜின் கேஸ் வாங்குறதா இருந்தா நம்பர் தேச்சிருக்கான்னு டார்ச் அடிச்சு பாருங்க, பில் இல்லாம நம்பர் இருக்கிற எந்த சாமானும் வாங்காதீங்க. நாளைக்கு ஆர்சி ரினியூவல்ல ஆர்டிஓ இன்ஜின் நம்பர் பாக்கும்போது அது உங்க தலையில விழும்.

ஈரோடு_எல்டி

அண்ணா, இடது பிளக் வெள்ளையா இருக்குங்க, சுண்ணாம்பு மாதிரி. வலது பிளக் காப்பி கலர். ஆர்பிஎம் நீங்க கேட்டது கரெக்டுங்க, கொஞ்ச நாளாவே சிக்னல்ல நின்னா இறங்கவே இறங்காது, கார்பரேட்டர் டியூனிங்னு நெனச்சு ஸ்க்ரூவத் திருப்பிட்டே இருந்தோம். வலது பக்கம் புகை லேசா ஜாஸ்திதான். பம்ப் மாமா காலத்துலயே எடுத்தாச்சு, கலந்துதான் ஊத்தறது.

லேத்துக்காரர்

அப்ப கிராங்க் பத்திப் பேசுறதுக்கு முன்னாடி காத்து எங்க உள்ள போகுதுன்னு பாக்கணும். வெள்ளை பிளக், இறங்காத ஆர்பிஎம், ரெண்டும் சேந்து வந்தா அந்த சிலிண்டர் எங்கயோ வெளிக்காத்த இழுக்குதுன்னு அர்த்தம். பெட்ரோல் குறைஞ்சு காத்து ஏறுனா சூடு ஏறும், அதோட 2டி ஆயிலும் பெட்ரோல்லயே கலந்து வர்றதால அதுவும் குறையும், பிஸ்டன் பிடிச்சுக்கும். இதுக்கு புது பிளாக் போட்டாலும் திரும்ப சீஸ் ஆகும். காரணத்த விட்டுட்டு சாமான மாத்துனவங்க நெறைய பேர் என் பட்டறைக்கு அதே வண்டியோட ரெண்டாவது தடவ வந்திருக்காங்க.

காத்து வர்ற வழி எங்கெங்க இருக்குன்னு சொல்றேன். கார்பரேட்டருக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கிற ரப்பர். ரீட் பிளாக் (காத்தும் பெட்ரோலும் உள்ள போற வழியில இருக்கிற தகடு வால்வு) பேக்கிங். பிளாக்குக்கு அடியில உள்ள பேஸ் பேக்கிங். கிராங்க் இடது முனையில மேக்னட் பக்கம் இருக்கிற ஆயில் சீல். வலது முனையில கிளட்ச் பக்கம் ஒரு சீல், அது விட்டா காத்துக்கு பதிலா கியர் ஆயில உறிஞ்சும், அதனாலதான் வலது புகை பத்தி கேட்டேன். பம்ப் எடுத்த வண்டின்னா ஆயில் லைன் வந்த ஓட்டைய ஒழுங்கா அடைச்சிருக்காங்களான்னும் பாக்கணும்.

டெஸ்ட் இப்படி பண்ணுங்க. ரெண்டு கார்பரேட்டரையும் கழட்டிருங்க, ஆனா ரப்பர் இன்ஜின்லயே இருக்கட்டும். ஒரு ரப்பர் வாயில கட்டை வெச்சு கிளாம்ப் போட்டு இறுக்குங்க, இன்னொன்னுல நடுவுல ஓட்ட போட்டு ட்யூப் சொருகுன கட்டை. ரெண்டு சைலன்சரையும் இறக்கிட்டு அந்த எடத்துல டியூப் ரப்பர் வெச்சு தகடு வெச்சு முறுக்குங்க. பிளக் ரெண்டும் மாட்டியே இருக்கணும். இப்ப மெடிக்கல்ல விக்கிற கையால அழுத்துற பிபி மிஷின் இருக்குல்ல, அந்த பந்தையும் மீட்டரையும் இந்த ட்யூப்ல மாட்டி காத்து ஏத்துங்க. 6 பிஎஸ்ஐ ஏத்தி 6 நிமிஷம் நிக்கணும்ங்கறது ஆர்டிகாரங்க வழக்கமா வெச்சிருக்கிற கணக்கு, பிபி மீட்டர்ல 300ன்னா கிட்டத்தட்ட 5.8 பிஎஸ்ஐ, நமக்கு அது போதும். அதுக்கு மேல ஏத்தாதீங்க, நல்லா இருக்கிற சீல் உதடு மடங்கிடும்.

ஒரு பக்கத்த மட்டும் அடைச்சு டெஸ்ட் பண்ணுனா நிக்காது. கிராங்க் நடுவுல இருக்கிற சீல் ரப்பர் சீல் இல்ல, லேபிரிந்த் (காடி காடியா வெட்டுன உலோக வளையம்), அது காத்த மெதுவா அடுத்த பக்கம் விடத்தான் செய்யும். ரெண்டு பக்கமும் அடைச்சாத்தான் டெஸ்ட். அப்புறம் சோப்பு தண்ணிய பிரஷ்ல தடவுங்க, எங்க முட்டை வருதுன்னு பாத்து எழுதுங்க. கிளட்ச் பக்க சீல வெளிய இருந்து பாக்க முடியாது, கியர்பாக்ஸ் பிரீதர் குழாய தண்ணிக்குள்ள விட்டுப் பாருங்க, குமிழி வந்தா அந்த சீல்தான்.

சிவாஜிநகர்_குஜிரி

பெங்களூர்ல இருந்து. அண்ணா சொன்னதுக்கு மேல ஒன்னே ஒன்னு. இந்த கிராங்க் அழுத்தி சேக்குற டைப், துண்டு துண்டா பிரஸ்ல பிரிக்கலாம். கான்ராட், பின், பேரிங் மாத்தி திரும்ப அழுத்தி ட்ரூ பண்ணுனா (கோணல் இல்லாம நேராக்குனா) பழைய கிராங்கே புதுசு. ஆடுற கிராங்க வெச்சிருக்கிறவங்க தூக்கிப் போட்டுறாதீங்க, அந்த வெயிட் துண்டுங்க இப்ப யாரும் புதுசா வார்க்கல.

இங்க ஜேசி ரோட்ல புது சாமான், சிவாஜிநகர் குஜிரில (பழைய சாமான் சந்தை) கழட்டுனது. முழு வண்டி எறங்குனா மட்டும் எல்லாம் ஒரே நாள்ல கிடைக்கும். எங்கிட்ட இப்ப ஒரு ஹெச்டி (ஹை டார்க், எல்டிக்கு முந்துன மாடல்) வண்டி வந்திருக்கு, ஓடுது, பேப்பர் லேப்ஸ். அத பிரிச்சா உங்களுக்கு ஸ்பீடோ, சைடு கவர், பிளாக் எல்லாமே குடுக்க முடியும். வேணும்னா சொல்லுங்க.

சோழவரம்80

ஓடுற ஹெச்டிய பிரிக்கப் போறீங்களா? தயவுசெஞ்சு பிரிக்காதீங்க சார்.

நான் சோழவரம் ஏர்ஸ்ட்ரிப்ல இந்த வண்டிங்க ரேஸ் ஓடுனத நேர்ல பாத்தவன். 1983ல எஸ்கார்ட்ஸ் இத இறக்குனப்ப மத்தவன்லாம் ஒத்த சிலிண்டர் வண்டில இருந்தான், இது 347 சிசி ரெட்டை சிலிண்டர், ரீட் வால்வு, ஆறு கியர். ஜப்பான் ஆர்டி 350ல இருந்து பவர் குறைச்சுதான் குடுத்தாங்க, ஹெச்டி 30.5 பிஹெச்பி, அப்புறம் வந்த எல்டி 27, ரெண்டுலயுமே முன்னாடி ஜப்பான் வண்டியோட டிஸ்க்குக்கு பதில் டிரம் பிரேக். அப்பயும் ரோட்ல இதுக்கு பக்கத்துல எதுவும் நிக்கல. பெட்ரோல் குடிக்குது, சாமான் விலைன்னு ஜனங்க பயந்தாங்க, 80 கடைசிலயே உற்பத்தி நின்னுபோச்சு. ரேஸ்ல உடைஞ்சது பாதி, பிரிச்சு வித்தது மீதி. 2001ல எஸ்கார்ட்ஸ் பங்கு முழுசா யமஹா கைக்கு வந்துருச்சு, அதுக்கப்புறம் இந்த வண்டிக்கு சாமான் பத்தி கேக்குறதுக்கே ஆள் கிடையாது.

இப்ப ஓடுற ஒரு வண்டிய பிரிச்சா அஞ்சு பேருக்கு சாமான் கிடைக்கும்னு சொல்றீங்க. ஆனா ஓடுற வண்டி ஒன்னு குறையுது, அது திரும்ப வராது. சைடு கவர ஃபைபர்ல மோல்டு எடுத்து ஊத்திக்கலாம், ஸ்பீடோவ கழட்டி சரி பண்றவங்க இன்னும் இருக்காங்க. அதுக்காக ஒரு ஹெச்டிய அறுக்கறது எனக்கு தாங்க முடியல.

சிவாஜிநகர்_குஜிரி

சார் உங்க மேல மரியாதை இருக்கு, ஆனா பேப்பர் இல்லாத வண்டிய ரோட்ல ஓட்ட முடியாது. ஓனர் எங்கயோ வெளிநாட்ல, என்ஓசி (ஆட்சேபனை இல்லைங்கற சான்று) வாங்க வழியில்ல. ஷெட்ல நின்னே துருப்பிடிச்சு போறதுக்கு அஞ்சு வண்டி ஓடுனா நல்லதுன்னு நெனச்சேன்.

சோழவரம்80

ஆர்டிஓல பழைய பதிவு விவரம் இருக்கும், இன்ஜின் நம்பர் சேசிஸ் நம்பர் வெச்சு எந்த ஆபீஸ்ல பதிஞ்சதுன்னு தேடலாம். ஓனர் உயிரோட இருக்காருன்னா கையெழுத்து வாங்க வழி இருக்கு. டூப்ளிகேட் ஆர்சி, பேர் மாத்தம், 15 வருஷம் தாண்டுனதுக்கு ரினியூவல், எல்லாம் அலைச்சல்தான், முடியாததுன்னு இல்ல. நம்பர் அனுப்புங்க, நானே அந்த ஊர்ல தெரிஞ்சவங்களக் கேக்கறேன். ஒரு மாசம் பொறுங்க, அது போதும்.

சிவாஜிநகர்_குஜிரி

சரி சார். ஒரு மாசம் கை வைக்க மாட்டேன். தனியா மெசேஜ் பண்றேன்.

கரிஸ்மா_மதுரை

நடுவுல புகுந்து கேக்குறதுக்கு மன்னிச்சுக்கங்கண்ணே, நம்மளுது 2005 ஹீரோ ஹோண்டா கரிஸ்மா. பிஸ்டன் தேடி அலையுறேன், கடையில இருக்கிறது எல்லாம் பேர் தெரியாத கம்பெனி. ஃபேரிங்கும் ஒடஞ்சு கெடக்கு. ஹீரோவும் ஹோண்டாவும் பிரிஞ்சதுல இருந்து ரெண்டு பக்கமும் கைய விரிக்கிறாய்ங்க.

ஹூஸ்டன்_முருகு

கரிஸ்மா 223 சிசி இன்ஜின் ஹோண்டாவோட சிஆர்எஃப் 230 எஃப் குடும்பம், போர் (சிலிண்டர் உள் விட்டம்) 65.5 மில்லி, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்குற தூரம்) 66.2, ரெண்டுலயும் ஒன்னுதான். அது இங்க அமெரிக்கால ட்ரெயில் வண்டியா (காடு மேட்டுல ஓட்டுறது) ரொம்ப நாள் வித்துச்சு, பிஸ்டன் கிட் சாதாரணமா கிடைக்குது. ஆனா வாங்குறதுக்கு முன்னாடி பழைய பிஸ்டன்ல பின் விட்டம், பின்னுல இருந்து பிஸ்டன் தலை வரைக்கும் உயரம் ரெண்டையும் வெர்னியர்ல அளந்து ஒத்துப் பாருங்க.

ஃபேரிங் ஒடஞ்சதுன்னா தூக்கிப் போடாதீங்க, ஏபிஎஸ் பிளாஸ்டிக்தான், உள்பக்கம் கம்பி வலை வெச்சு சூடு பண்ணி ஒட்டுறவங்ககிட்ட குடுங்க, பெயின்ட் அடிச்சா தெரியாது.

கரிஸ்மா_மதுரை

ரொம்ப நன்றிண்ணே, இந்த சிஆர்எஃப் விஷயம் ஒருத்தரும் சொல்லலண்ணே. தனி இழை போடுறேன்.

ஹூஸ்டன்_முருகு

ஆர்டி விஷயத்துக்கு வர்றேன். நம்ம ஆளுங்க "ராஜ்தூத் சாமான்"னு தேடுறோம், அதனாலதான் ஒன்னும் வரமாட்டேங்குது. இன்ஜின் அடிப்படை ஜப்பான் ஆர்டி 350தான், 64 போர், 54 ஸ்ட்ரோக். அது 1973ல இருந்து 75 வரைக்கும் அமெரிக்கால நெறைய வித்த வண்டி, இன்னும் இங்க அதுக்குன்னே கடைங்க ஓடுது. யமஹா பார்ட் நம்பர்ல முதல் மூணு எழுத்து அந்த சாமான் முதல்ல எந்த மாடலுக்கு வந்துச்சுன்னு சொல்லும். 360ன்னு ஆரம்பிச்சா ஆர்டி 350, 278ன்னா அதுக்கு முந்துன ஆர்5, அதாவது அந்த சாமான் ரெண்டு வண்டிலயும் ஒன்னு. 93ன்னு ஆரம்பிச்சா அது ஸ்டாண்டர்டு ஐட்டம், 931 ஆயில் சீல், 933 பேரிங், அப்படின்னா நீங்க மாடல் பேர் சொல்லாமலே அளவு சொல்லி வாங்கலாம். பழைய ஆர்டி 350 பார்ட்ஸ் புக் நெட்ல கிடைக்குது, அத எடுத்து வெச்சுக்கிட்டு நம்பர் போட்டு தேடுங்க.

இந்தியால மட்டும் செஞ்ச சாமானுக்கு இது உதவாது. முன் டிரம் பிரேக், சைலன்சர், பாடி ஐட்டம்லாம் அங்கயேதான் தேடணும். தேடுற சக்திய அதுக்கு வெச்சுக்கங்க, பேரிங்குக்கும் சீலுக்கும் ஊர் ஊரா அலையாதீங்க.

பேட்டர்ஸ்ரோடு

பேரிங்ல ஒரு எச்சரிக்கை தல. கிராங்க் மெயின் பேரிங் வாங்கும்போது சாதாரண பேரிங்க குடுத்துடுவாங்க. சி3ன்னு அடிச்சிருக்கணும், அதாவது உள்ள கொஞ்சம் லூஸ் விட்டது, சூடாகுற எடத்துக்கு அதான். அதோட வெளி வளையத்துல லொக்கேட்டிங் பின்னுக்கு ஓட்டை இருக்கான்னு பழசோட ஒத்துப் பாருங்க. ஓட்டை இல்லாதத போட்டா கேஸ்ல பேரிங் சுத்தும், அப்புறம் கேஸே போச்சு. கேஸ் கிடைக்காது. சீல்ல உள் விட்டம், வெளி விட்டம், தடிமன் மூணும் அதுமேலயே எழுதியிருக்கும், அழிஞ்சிருந்தா ஷாஃப்ட்டையும் கேஸையும் அளங்க, கிழிஞ்ச சீல அளந்தா தப்பா வரும்.

மிக்குனி கார்பரேட்டருக்கு ஜெட் (பெட்ரோல் அளந்து விடுற ஓட்டை) வாங்குறவங்களும் கவனிங்க. ஒரிஜினல் ஜெட்ல குட்டியா சதுரத்துக்குள்ள சதுரம் குத்தியிருக்கும். அது இல்லாத ஜெட்ல 100ன்னு போட்டிருந்தா அது 100 இல்ல, டூ ஸ்ட்ரோக்ல அந்த வித்தியாசம் ஒரு பிஸ்டன்.

வெள்ளைப்புகை

ரப்பர் பத்தி நானும் ஒன்னு சொல்லணும், ஏன்னா இத யாரும் பேச மாட்டேங்குறாங்க. இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், இந்த வண்டிங்க செஞ்ச காலத்து ரப்பர் அதுக்காக செஞ்சது இல்ல, கார்பரேட்டர் ஓரிங், ஃப்ளோட் நீடில் முனை, பெட்ரோல் டேப் வாஷர் எல்லாம் ஊறி உப்புது இல்லன்னா வெறச்சு வெடிக்குது. பழைய ஸ்டாக்னு முப்பது வருஷம் பாக்கெட்ல இருந்த ரப்பர ஒரிஜினல்ங்கற ஒரே காரணத்துக்கு காசு குடுத்து வாங்காதீங்க, அது பாக்கெட்லயே செத்துருக்கும், விரல்ல மடக்கிப் பாத்தா தெரியும். சீல் கிடைச்சா வைட்டான்ல (எத்தனால் தாங்குற ரப்பர்) வாங்குங்க. வண்டிய மாசக்கணக்குல நிறுத்துறதா இருந்தா டேங்கையும் கார்பரேட்டர் கப்பையும் காலி பண்ணிடுங்க, எத்தனால் தண்ணிய இழுக்கும், அந்தத் தண்ணி கிராங்க் பேரிங்ல போய் உக்காந்தா முடிஞ்சது.

ஈரோடு_எல்டி

டெஸ்ட் பண்ணியாச்சுங்க! பக்கத்து மெடிக்கல்ல பழைய பிபி மிஷின் ஒன்னு கேட்டு வாங்குனோம், தம்பி பசங்க ரெண்டு பேர் பிரஷ் புடிச்சாங்க. 300க்கு ஏத்துனா நிமிஷத்துக்குள்ள பாதிக்கு இறங்கிடுச்சு.

மேக்னட் கவர கழட்டி இடது சீல்ல சோப்பு தடவுனா ஒன்னும் இல்லைங்க. பேஸ் பேக்கிங்லயும் இல்ல. இடது கார்பரேட்டர் ரப்பர் மேல இருந்து பாத்தா நல்லாத்தான் இருக்குது, ஆனா அடிப்பக்கம் இரும்பு ஃபிளாஞ்சும் ரப்பரும் சேர்ற எடத்துல பாம்புச் சீறல் மாதிரி சத்தம், முட்டை முட்டையா வந்துச்சுங்க. கழட்டி வெளிச்சத்துல புடிச்சு கட்டை விரலால வளைச்சா உள்ள வெளிச்சம் தெரியுது, விட்டா மூடிக்குது. கார்பரேட்டர் வெயிட்ல தொங்குறப்ப அது திறந்துக்கும் போல. அந்த ரப்பர அடைச்சுட்டு திரும்ப ஏத்துனா மெதுவாத்தான் இறங்குது, பிரீதர் குழாய்ல குமிழி வருது, அதனால கிளட்ச் பக்க சீலும் விடுதுங்க.

மேல பிரிச்சுப் பாத்தோம். பிஸ்டன் இடதுல எக்ஸாஸ்ட் பக்கம் கோடு விழுந்திருக்கு, பிளாக்ல அலுமினியம் ஒட்டியிருக்கு, ஆழமா கீறல் இல்ல. கிராங்க் மேல கீழ இழுத்தா ஆட்டம் ஒன்னும் தெரியலைங்க. ஆரம்பத்துல மாத்தச் சொன்ன அந்த கிராங்க்!

லேத்துக்காரர்

ரொம்ப நல்லது தம்பி. இனிமே செய்ய வேண்டியத சொல்றேன்.

பிளாக் உள்ள இரும்பு லைனர், அதனால போர் போடலாம் (உள்ள கடைஞ்சு பெருசாக்கலாம்). ஸ்டாண்டர்டு 64, கால் கால் மில்லியா 65 வரைக்கும் ஓவர்சைஸ் இருக்கு. இப்ப எந்த சைஸ்ல ஓடுதுன்னு பிஸ்டன் தலையில குத்தியிருக்கும், பாருங்க. பிஸ்டன் கைக்கு வராம போர் போடக் குடுக்காதீங்க. வார்ப்பு பிஸ்டனுக்கு ஒரு கேப் (பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவுல விடுற இடைவெளி), ஃபோர்ஜ்டு பிஸ்டன் சூட்டுல ஜாஸ்தி விரியும் அதனால அதுக்கு அதிக கேப், கம்பெனிக்காரன் டப்பால போட்ட அளவுதான் கணக்கு. "எல்லா ஆர்டிக்கும் இதே கேப்தான்"னு சொல்ற பட்டறையில இருந்து பிளாக்க எடுத்துட்டு வந்துருங்க.

டூப்ளிகேட் பிஸ்டன்ல ரிங் காடியில இருக்கிற குட்டி பின்ன பாருங்க. டூ ஸ்ட்ரோக்ல ரிங் சுத்தக் கூடாதுன்னு அந்த பின் இருக்கு, ரிங் வாய் சிலிண்டர் சுவத்துல இருக்கிற போர்ட் ஓட்டைக்கு நேரா வராத எடத்துல அது இருக்கணும். பழைய பிஸ்டன பக்கத்துல வெச்சு ஒத்துப் பாருங்க. எடம் தள்ளியிருந்தா ரிங் முனை போர்ட்ல மாட்டி ஒடையும், அப்ப பிளாக் நெசமாவே போயிரும். போர் போட்டதும் போர்ட் விளிம்பெல்லாம் லேசா மழுக்கச் சொல்லுங்க, நெறைய பேர் அத விட்டுடுறாங்க.

ஒரு பக்கம்தான் சீஸ் ஆச்சுன்னாலும் ரெண்டு பக்கமும் ஒரே சைஸ்ல போர் போடுங்க. ஹெச்டி பிளாக் ஒன்னு கிடைச்சுதுன்னு எல்டி பிளாக்கோட கலந்து மாட்டாதீங்க, மாத்துனா ஜோடியா மாத்தணும்.

வலது சீலுக்கு எப்படியும் கேஸ பிரிக்கணும்ல, அப்ப கிராங்க எடுத்து வி பிளாக்ல வெச்சு டயல் கேஜ் போட்டு நேரா சுத்துதான்னு பாத்துருங்க. கோணல் 0.03 மில்லிக்குள்ள இருந்தா தொடாம திரும்ப வெச்சுடுங்க. கேஸ் மேல கீழன்னு படுக்க வாக்குல பிரியும், ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பாதீங்க, போல்ட் ஒன்னு எங்கயோ மறைஞ்சிருக்குன்னு அர்த்தம்.

சோழவரம்80

ரீட் பிளாக்க கழட்டுனா பெட்டல (அதுல திறந்து மூடுற மெல்லிசு தகடு) வெளிச்சத்துக்கு எதிரா புடிச்சுப் பாருங்க தம்பி. ஸ்டாக் பெட்டல் ஸ்டீல் தகடு, ஓரத்துல மயிரிழை வெடிப்பு இருந்தா உடனே மாத்திடுங்க, ஒரு துண்டு ஒடைஞ்சு உள்ள போச்சுன்னா பிஸ்டன், பிளாக், பேரிங் மூணையும் வாங்கிட்டு போகும். ஃபைபர் பெட்டல் போட்டா ஒடைஞ்சாலும் அவ்ளோ சேதம் இல்ல.

வெள்ளைப்புகை

பாயிண்ட எடுத்துட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டுடுங்க, பாயிண்ட் செட்டும் கண்டன்சரும் தேடுற தலைவலியே இருக்காது.

சோழவரம்80

அதுல எனக்கு சம்மதம் இல்ல. பாயிண்ட் ரோட்ல நின்னா ஃபீலர் கேஜும் உப்புத்தாளும் வெச்சு கால் மணில கிளப்பலாம், எலக்ட்ரானிக் பாக்ஸ் செத்தா வேன் வெச்சுத்தான் ஏத்தணும். ரெண்டு சிலிண்டருக்கும் தனித்தனி பாயிண்ட், தனித்தனி காயில், ஒன்னு போனாலும் இன்னொன்னுல வீடு வந்து சேரலாம்.

வெள்ளைப்புகை

இப்ப வர்ற கண்டன்சர் தரம் பாத்தீங்களாண்ணா? புதுசு போட்டு ரெண்டு வாரத்துல மிஸ்ஸிங். ஒரு பக்கம் டைமிங் தள்ளுனா அதுவும் பிஸ்டன்ல ஓட்டைதான். கழட்டுன பாயிண்ட் பிளேட்ட எண்ணெய் தடவி பத்திரமா வெச்சுக்கட்டும், ஓட்டுறது எலக்ட்ரானிக்ல ஓட்டட்டும்.

லேத்துக்காரர்

ரெண்டும் ஓடும். எதப் போட்டாலும் டைமிங்க டயல் கேஜ் வெச்சு ரெண்டு பக்கமும் தனித்தனியா செட் பண்ணணும், காதால கேட்டு வைக்கிறது இந்த வண்டிக்கு ஆகாது. ஜப்பான் ஆர்டி கணக்குப்படி பிஸ்டன் உச்சிக்கு வர்றதுக்கு 2 மில்லி முன்னாடி ஸ்பார்க் வரணும்.

ஹூஸ்டன்_முருகு

நான் அடுத்து ஊருக்கு வர்றப்ப சாமான் கொண்டு வர்றேன். கிராங்க் சீல் செட், கார்பரேட்டர் ரப்பர், ரீட் பெட்டல், இது மூணும் சின்ன ஐட்டம். யாருக்கு வேணும்னாலும் பார்ட் நம்பரோட எழுதுங்க, நம்பர் இல்லாம "ஆர்டி சீல்"னு மட்டும் போட்டா நான் எடுக்க மாட்டேன், தப்பா வந்துட்டா திருப்ப முடியாது. கூரியர்ல போட்டா கஸ்டம்ஸ் டியூட்டி தனியா வரும், அத அவங்கவங்க கட்டிக்கணும். சைலன்சர், ரிம் மாதிரி பெருசெல்லாம் முடியாது.

ஈரோடு_எல்டி

ரொம்ப நன்றிங்கண்ணா. எனக்கு ரப்பர் ஜோடியா வேணும், கிளட்ச் பக்க சீலும் மேக்னட் பக்க சீலும். கேஸ பிரிச்சு அளந்துட்டு நம்பரோட போடறேன். பிஸ்டன் தலையில 0.50ன்னு குத்தியிருக்குங்க, அதனால அடுத்தது 0.75 தேடறேன், ஒரே சைஸ்ல ரெண்டு.

பேட்டர்ஸ்ரோடு

0.75ல ஜோடி ஒரு கடைல இருக்கிற மாதிரி ஞாபகம், சனிக்கிழமை போய் டப்பாவத் திறந்து ரிங் பின் எடத்த போட்டோ எடுத்து இங்க போடுறேன், லேத்து அண்ணா பாத்து சரின்னா மட்டும் வாங்குவோம். ஸ்பீடோ பத்தி சொல்லுங்க ப்ரோ, முள் ஆடலையா, இல்ல கிலோமீட்டர் ஓடலையா? ரெண்டும் வேற வேற ரிப்பேர். முதல்ல கேபிள கழட்டி உள் கம்பி ரெண்டு முனையும் சேந்து சுத்துதான்னு பாருங்க, கம்பி அறுந்திருந்தா மீட்டர் நல்லா இருக்கும். கேபிள் நீளமும் ரெண்டு முனை நட்டு சைஸும் அளந்து குடுத்தா செஞ்சு தர்ற கடை இங்க இருக்கு.

சிவாஜிநகர்_குஜிரி

இடது சைடு கவர் எங்கிட்ட தனியா ஒன்னு கெடக்கு, அந்த ஹெச்டியோடது இல்ல, வேற லாட்ல வந்தது. ஒரு காது ஒடஞ்சிருக்கு, ஒட்டிக்கலாம். ஈரோட்டுக்கு பார்சல் போடுறேன், பஸ் சார்ஜ் மட்டும் குடுங்க.

சோழவரம்80

அத ஒட்டுறதுக்கு முன்னாடி மோல்டு எடுத்து வெச்சுக்கங்க தம்பி, வலது பக்கம் என்கிட்ட நல்லது ஒன்னு இருக்கு, அதையும் அனுப்பறேன். ரெண்டுக்கும் மோல்டு இருந்தா கேக்குறவங்களுக்கு ஃபைபர்ல ஊத்திக் குடுக்கலாம்.